பெயர் வெட்டு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா கிடக்கிறது. அம்மாவின் சீரோடு வந்தது. வாய்க்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும்: அப்பிச்சியின் பெயர், இனிசியலோடு, ஊரோடு, கல்யாணத் தேதியோடு. அதற்காகச் சிறுகச் சிறுகச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தது அம்மாயி. நாற்பது வருடம் புளி போட்டுத் தேய்த்தது அம்மா. அண்டாவைத் தட்டி உருவாக்கியது எந்தப் பட்டறையின் யார் கை என்று எவருக்கும் தெரியாது. இப்போது எடுத்துப் பார்த்தால் அண்டா அப்பிச்சியுடையது. அதில்தான் எழுதியிருக்கிறதே.

நான் பிறந்து வளர்ந்த அனுப்பர்பாளையம், பனியன் ஊருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பாத்திர ஊர். திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இறங்கிச் சந்துகளுக்குள் நடந்தால் தகடு தட்டும் சத்தம் இன்னும் கேட்கும், முன்பைவிடக் குறைவாக. பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் நான் பார்த்தபோது உளியும் சுத்தியலும். இப்போது பேனா மாதிரி ஒரு கரண்டுக் கருவி. “பேரு சொல்லுங்க அம்மிணி” என்பார். கொடுப்பவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். வெட்டுதல் என்ற வினை தமிழில் செய்யும் இரட்டை வேலையைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். பாத்திரத்தில் பெயரை வெட்டினால் அது நிற்கும். பட்டியலில் பெயரை வெட்டினால் அது போகும்.

இந்தக் கட்டுரை விருதுகளைப் பற்றியது. அதுவும் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துறையின் விருதுகளைப் பற்றியது. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். 2022இல் அண்ணா பல்கலைக்கழகம் முதலாமாண்டு மாணவர்களுக்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்தது. அதுவரை எங்களை எட்டிப் பார்க்காத பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த முதல் அணியில் இருந்த ஒரு பெண், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு, மூன்றாமாண்டு வந்த பிறகும் ஆசிரியர் அறைக்கு வந்து பேசிக்கொண்டிருப்பாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஒருநாள் வந்து சொன்னாள்: “மேடம், மீட் – கான்வேன்னு எங்க சிப் டிசைன் பாடத்துல வந்துட்டே இருக்கு. நான் ரெண்டு பேருமே ஆம்பளைங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். கான்வே பொம்பளையாமா. இவ்வளவு நாள் ஒருத்தருமே சொல்லலை பாருங்க.”

அவள் கேட்டதிலிருந்து படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அப்பிச்சியின் அண்டாதான் ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் அந்தத் துறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எனக்கே அவள் மார்க்கரை வைத்துத்தான் விளக்கினாள். நம் ஊர்ப் பெண்களுக்கு மார்க்கர் தெரியும். டி-சர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர்ப் பட்டி எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கி, வேஸ்ட் குறையும்படி கோடு போடுவது மார்க்கர். முன்பு கட்டிங் மாஸ்டர் அட்டை பேட்டர்னை வைத்துச் சாக்பீஸால் வரைவார். இப்போது கம்ப்யூட்டர் அடுக்குகிறது. பிளாட்டர் அச்சடித்துத் தருகிறது. சிப்பிலும் அதே கதை. துணிக்குப் பதில் நகம் அளவு சிலிக்கன் சில்லு. கைக்கும் காலருக்கும் பதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், அவற்றை இணைக்கும் கம்பிகள். மனிதக் கையால் வரைய முடியாத அந்த வரைபடத்தை வரையவும், இடம் ஒதுக்கவும், பிழை பார்க்கவும் எழுதப்படும் மென்பொருள்களின் துறைதான் மின்னணு வடிவமைப்புத் தானியக்கம். இடிஏ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கைபேசியில் தொடங்கி சலவை இயந்திரம் வரை எதற்குள் இருக்கும் சிப்பும் இந்த மென்பொருள்களைக் கடந்துதான் வருகிறது.

மென்பொருள் வருமுன் கை இருந்தது. ரூபிலித் என்று ஒரு சிவப்புப் படலம். ஒளி வரும் மேசை மேல் விரித்து, கத்தியால் கோடு கோடாக அறுத்து, வேண்டாத சிவப்பை உரித்தெடுக்க வேண்டும். அந்தப் பெரிய படத்தைப் பல மடங்கு சிறிதாக்கித்தான் சிப்பின் அச்சு செய்தார்கள். அந்த மேசைகளில் குனிந்திருப்பவர்களின் பழைய புகைப்படங்களில் பெண்கள் இருக்கிறார்கள். பிசிர் வெட்டும் நம் பெண்களின் அதே குனிவு. 1965இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் அமெரிக்காவின் ஷிப்ராக்கில், நவாஹோ பழங்குடி நிலத்தில், ஒரு தொழிற்சாலை திறந்தது. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நவாஹோ பெண்கள். நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம் அவர்கள் நெய்யும் கம்பளத்தையும் சிப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது: நெய்கிறவர்கள், ஆகவே இந்த நுணுக்க வேலை அவர்களுக்கு இயல்பாக வரும் என்பது பொருள். லிசா நாகமுரா என்ற ஆய்வாளர் 2014இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இயல்பாக வருவதற்கு யாரும் விருது தருவதில்லை. நம் ஊரிலும் சொல்வார்கள், பொம்பளப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஜாஸ்தி, செக்கிங்குக்குப் போடு என்று.

இனி லின் கான்வே.

1938இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1964இல் ஐபிஎம்மில் சேர்ந்தார். மிக வேகமான கணினி ஒன்றை உருவாக்கும் ரகசியத் திட்டத்தில் வேலை. கணினி அதுவரை பெரும்பாலும் கட்டளைகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தது. ஒன்று தடைபட்டால் பின்னால் இருப்பது எல்லாம் நிற்கும். தையல் வரிசையில் ஒரு டெய்லருக்கு நூல் வரவில்லை என்பதற்காக மொத்த லைனும் கை கட்டி நிற்பது போல. தயாராக இருப்பதை எடுத்து முன்னால் செய், பல வேலைகளை ஒரே நேரத்தில் அனுப்பு, குழப்பம் வராமல் கணக்கு வைத்துக்கொள் என்பதற்கு ஒரு வழி கண்டவர் கான்வே. இன்றைய வேகமான கணினிச் சிப்புகளில் அந்தக் கருத்தின் சாயல் இல்லாதது அரிது.

அப்போது அவர் உலகத்துக்கு ஆண். பிறக்கும்போது அப்படி எழுதிவிட்டார்கள். மணமாகி இரண்டு பெண் குழந்தைகள். 1968இல், தான் பெண் என்றும் அதற்கான மருத்துவ மாற்றத்தில் இருப்பதாகவும் நிறுவனத்துக்குத் தெரிவித்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். குழந்தைகளைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று. அந்தப் பழைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் விட்டுவிட்டு வந்த பெயர் அது.

புதுப் பெயரோடு, ஒப்பந்த அடிப்படையில் புரோகிராம் எழுதுகிறவராக, அடியிலிருந்து தொடங்கினார். முன்பு எங்கே வேலை செய்தீர்கள், என்ன சாதித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல முடியாது. சொன்னால் பழைய பெயரைச் சொல்ல வேண்டும். தன் மிகப் பெரிய கண்டுபிடிப்பை உரிமை கோரினால் வேலை போகும். வேலை வேண்டுமென்றால் கண்டுபிடிப்பைத் தலைமுழுக வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்தார்.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் சேர்ந்தார். கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடோடு இணைந்து வேலை செய்தது அங்கேதான். சிப் வடிவமைப்பு அப்போது சில பெரிய நிறுவனங்களின் அடுப்படி ரகசியம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தடிமனான விதிப் புத்தகம். கான்வே அந்த விதிகளை ஒரே அளவுகோலில் எழுதினார்: லாம்டா என்று ஓர் அடிப்படை நீளம், மற்றதெல்லாம் அதன் மடங்கு. தொழில்நுட்பம் சுருங்கச் சுருங்க லாம்டாவை மாற்றிக்கொண்டால் போதும், வரைபடத்தைத் திரும்ப வரைய வேண்டியதில்லை. பேட்டர்னை ‘எம்’ அளவில் ஒருமுறை போட்டுவிட்டு ‘எஸ்’ஸுக்கும் ‘எல்’லுக்கும் கிரேடிங் செய்கிறோமே, அதுபோல என்று என் மாணவி சொன்னாள்.

பிறகு அவர் செய்தது எனக்கு, ஒரு வாத்தியாராக, இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1978இல் எம்ஐடிக்குப் போய்ப் பாடம் நடத்தினார். வகுப்பு முடியும்போது மாணவர்கள் சிப்பை வரைந்திருந்தார்கள். சில வாரத்தில் அது நிஜமான சிப்பாகச் செய்யப்பட்டு அவர்கள் கைக்கு வந்தது. மறு வருடம் அதையே 12 பல்கலைக்கழகங்களுக்கு விரித்தார். வரைபடங்கள் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாக வந்தன. ஒரு மாணவர் தனியாகச் சிப் செய்தால் செலவு தாங்காது. ஆகவே பலருடைய சிறு சிறு வடிவங்களை ஒரே சிலிக்கன் தகட்டில் சேர்த்துச் செய்தார். சின்ன எக்ஸ்போர்ட்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவது நமக்குப் புதிதல்ல. மீடும் அவரும் எழுதிய பாடநூல் 1980ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தது. சில வருடங்களில் 100க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதை வைத்து வகுப்பு நடத்தின. பகிர்ந்து சிப் செய்யும் ஏற்பாடு 1981இல் மோசிஸ் என்ற நிரந்தர அமைப்பானது. அந்த வகுப்புகளிலிருந்து வந்த பிள்ளைகளும் அவர்கள் எழுதிய மென்பொருள்களும்தான் இடிஏ என்ற துறைக்கு அடித்தளங்களில் ஒன்று.

1981இல் ‘எலக்ட்ரானிக்ஸ்’ இதழ் தன் சாதனை விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. அதுவரை சரி. அதன்பிறகு பெயர்கள் பிரியத் தொடங்கின. இடிஏ துறையின் மிக உயர்ந்த விருது, 1994இல் தொடங்கப்பட்ட ஃபில் காஃப்மன் விருது. 1996இல் அது கார்வர் மீடுக்குப் போனது. கான்வேக்கு அந்த விருது எந்த வருடமும் வரவில்லை. அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2002இல் மீடுக்கு. ஜப்பானின் கியோட்டோ பரிசு 2022இல் மீடுக்கு. மீட் சாதாரண ஆள் இல்லை; அவருக்குக் கிடைத்த எதையும் பிடுங்கிக் கான்வேக்குக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கான்வேயும் மீடைக் குற்றம் சொன்னதில்லை. குற்றவாளி இல்லாத இடத்தில் ஒரு பெயர் மட்டும் எப்படிக் காணாமல் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வியாக இருந்தது.

2009இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் சிப்பின் ஐம்பதாம் ஆண்டு விழா. மேடையேறிய மூத்தவர்களில் மீட் இருந்தார். கான்வேக்கு அழைப்பே இல்லை. விழா நடந்தது தனக்குத் தெரியாது என்று பின்னால் எழுதினார். விசித்திரம் என்னவென்றால், அதே 2009இல் ஐஇஇஇ கணினிச் சங்கம் அவருக்குக் ‘கணினி முன்னோடி’ விருதைக் கொடுத்திருந்தது. அவரை யாருக்கும் தெரியாது என்பதில்லை. தெரிந்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

2018இல் ஐஇஇஇயின் ‘கம்ப்யூட்டர்’ இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண் விஞ்ஞானிகளின் உழைப்பு ஆண் சகாக்களின் கணக்கில் சேர்வதை மார்கரெட் ரோசிட்டர் என்ற வரலாற்றாளர் 1993இல் ‘மடில்டா விளைவு’ என்று பெயரிட்டிருந்தார். கான்வே அதிலிருந்து ஓரடி தள்ளிப் போகிறார். யாரிடமிருந்து புதியது வரும் என்று உலகம் எதிர்பார்க்கவில்லையோ, அவர்கள் புதியதைச் செய்தாலும் உலகத்தின் கண்ணில் அது படுவதில்லை. திருட வேண்டிய அவசியமே இல்லை. இதைக் ‘கான்வே விளைவு’ என்கிறார்கள். பாடநூலில் ஒருவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர். இன்னொருவர் முன்கதை இல்லாத ஒரு பெண். படிக்கிறவர்கள், அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொடுத்திருப்பார் என்று தாமாகவே முடிவுசெய்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் அப்பாவின் இனிசியலோடு வந்தவை. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டிலிருந்து ஒவ்வொன்றாக இனிசியல் மாறியது. முனைவர் பட்டம் ஓர் எழுத்தில், வேலை ஆணை இன்னோர் எழுத்தில். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது ஓர் அலுவலகத்தில் அந்த மூன்று கட்டுரைகளையும் தனியாக எடுத்து வைத்தார்கள். “இது வேற யாரோ ஒருத்தரோடதா இருக்குதுங்களே.” இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் போய்ச் சத்தியப் பிரமாணம் வாங்கி வந்தேன். ஓர் எழுத்துக்கு அந்தப் பாடு. கான்வே முழுப் பெயரையும் மாற்றியவர். அவர் யாரிடம் போய்ச் சான்று வாங்குவது? மனோன்மணி, மகேஸ்வரி என்று நம் இலக்கிய உலகிலேயே எத்தனை பெண்கள் இனிசியலுக்கும் கணவர் பெயருக்கும் நடுவில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்களோ.

அவரிடம் ஒன்று இருந்தது: காகிதங்கள். ஐபிஎம் காலத்துக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தியிருந்தார். 1990களின் இறுதியில் மார்க் ஸ்மதர்மன் என்ற கணினி வரலாற்றாளர் அந்தப் பழைய ரகசியத் திட்டத்தை ஆராயத் தொடங்கினார். பழைய பெயர் வெளியே வரப்போகிறது என்று தெரிந்ததும், கான்வே தானே முன்வந்து தன் கதையைச் சொன்னார், ஆவணங்களோடு. 2020இல், ஐம்பத்திரண்டு வருடம் கழித்து, ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது. வாழ்நாள் சாதனையாளர் விருதும் கொடுத்தது. 2023இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்ந்தது. 2024 ஜூனில் காலமானார். நீக்கியபோது வயது முப்பது. மன்னிப்பு வந்தபோது எண்பத்திரண்டு.

தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு ‘சிறந்த திருநங்கை’ விருது தருகிறது. நல்லது. ஆனால் சிறந்த பொறியாளர் விருது ஒன்றில் ஒரு திருநங்கையின் பெயர் வருவது வேறு. கிரேஸ் பானு பொறியியல் கல்லூரியில் இடம் பெறுவதற்கே எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது நம் கண்முன் நடந்தது.

தனி விருது என்ற இந்த விஷயத்துக்கு இடிஏ துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு நிலை.

அந்தத் துறையின் பெரிய மாநாடு டிஏசி. 1964 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சின்னப் பட்டறைக் கூட்டமாகத் தொடங்கியது. அதை வளர்த்தவர்கள் பாட் பிஸ்டில்லி, மாரி பிஸ்டில்லி தம்பதி. பாட், பெல் ஆய்வகத்துப் பொறியாளர். மாரி மாநாட்டு அமைப்பாளர்: இடம் பிடிப்பது, ஆட்களை வரவழைப்பது, கணக்குப் பார்ப்பது, பின்னால் கண்காட்சி அரங்குகளை நடத்துவது. இருவரும் சேர்ந்து அதற்கென்று ஒரு நிறுவனமே நடத்தினார்கள். கல்யாண வீட்டில் மேடையில் நிற்பவரும் வேண்டும், அடுப்படியில் உப்புப் பார்ப்பவரும் வேண்டும். ஒரு துறையே வருடம் ஒருமுறை கூடிக் கலையும் திருவிழாவை இருவரும் தலைமுறைக் கணக்கில் நடத்தினார்கள்.

2010இல் ஃபில் காஃப்மன் விருது பாட் பிஸ்டில்லிக்குக் கிடைத்தது. மாநாட்டை உருவாக்கியது அதற்கு முக்கியக் காரணம். மாரிக்கு? 2000இல் தொடங்கிய, இடிஏ துறைப் பெண்களுக்கான சாதனை விருது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணவருக்கு விருது. மனைவி விருதின் பெயர். அவர் பெயர் வெட்டிய பதக்கத்தை மற்றப் பெண்கள் வாங்கிப் போகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு நிலைப்பாடு எடுக்க முடியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெண்களுக்கென்று தனி விருது வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. பெண் எழுத்தாளர் விருது ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். அந்தக் காசில் வாங்கிய பீரோ இன்னும் இருக்கிறது. ஆனால் மேரி ஜேன் அர்வின் கதையைப் பாருங்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் பேராசிரியப் பணி. சிப்பின் மின்செலவைக் குறைக்கும் வடிவமைப்பில் முக்கியமானவர். 1999இல் டிஏசி மாநாட்டுக்கே தலைவர். 2004இல் அவருக்கு மாரி பிஸ்டில்லி விருது கிடைத்தது. ஃபில் காஃப்மன் விருது கிடைத்தது 2019இல். பெண் வாசலிலிருந்து பொது வாசலுக்குப் பதினைந்து வருட நடை. 1994இல் தொடங்கிய காஃப்மன் விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இருபத்தைந்து வருடம் அந்தப் பட்டியலில் எல்லாம் ஆண் பெயர்கள். தனி விருது வாசலாக இருந்ததா, திண்ணையாக இருந்ததா? திண்ணை என்றால் வந்தவரை மரியாதையாக உட்கார வைத்து, உள்ளே விடாமல் அனுப்புவதும் உண்டு.

தமிழ் படித்தவளுக்கு இங்கே காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஞாபகம் வராமல் இருக்காது. காக்கையைப் பாடியதால் அந்தப் பெயர். செய்த வேலையே பெயராக நின்ற அதிர்ஷ்டசாலி. பதிற்றுப்பத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் எட்டுப் பத்துகளில் ஆறாம் பத்து அவருடையது. எட்டுப் புலவர்களில் ஒரே பெண். ஒவ்வொரு பத்தின் பதிகமும் அரசன் புலவருக்கு என்ன பரிசு கொடுத்தான் என்று கணக்குச் சொல்கிறது. இரண்டாம் பத்துப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு 500 ஊர்களும், தென்னாட்டு வருவாயில் முப்பத்தெட்டு ஆண்டுக்குப் பங்கும். நச்செள்ளையாருக்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் கொடுத்தது ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும். பொன் எதற்கு? நகை செய்து அணிந்துகொள்ள. அதோடு அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்றும் பதிகம் சொல்கிறது. தொகை குறைவில்லை. ஆனால் ஆண் புலவருக்கு நிலமும் வருவாயும், அதாவது நாளைக்கும் வரும் சோறு. பெண் புலவருக்குக் கழுத்துக்கு. பிற்காலத்தில் எழுதிய பதிகக்காரர் கண்ணில் அப்படிப் பட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பல வருடம் இந்தப் பதிகத்தை நடத்தியிருக்கிறேன். பாட் – மாரி கதையைப் படித்த பிறகுதான் நகை என்ற சொல்லில் நின்றேன்.

1964 ஜூன் என்றேன் அல்லவா. அட்லாண்டிக் சிட்டியில் அந்தப் பட்டறைக் கூட்டம் நடந்த அதே மாதம், அருகிலேயே நியூயார்க்கில், உலகப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து போனவர் நம் சென்னைப் பெண் ஏ. லலிதா. 1919இல் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். 1940இல் அதே கல்லூரியில் மின் பொறியியலில் சேர்ந்தார். பிறகு லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்று இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். பட்டச் சான்றிதழ் ஆணுக்கென்றே அச்சடிக்கப்பட்டிருந்தது. ‘அவன்’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வெட்டு, ஒரு எழுத்து. அந்தச் சான்றிதழை விடப் பொருத்தமான விருது எனக்குத் தெரியவில்லை.

லலிதா கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் மின்கடத்தும் பாதைகளை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான வேலையிலும் பங்கு இருந்தது. நியூயார்க்குக்கு அவர் போனது தனிப்பட்ட முறையில்; அனுப்பி வைக்க இந்தியாவில் அப்படியொரு அமைப்பே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே சில மணி நேரப் பயணம்தான். ஓர் ஊரில் வடிவமைப்பைக் கணினியிடம் கொடுப்பது எப்படி என்று பேச்சு. இன்னோர் ஊரில், வடிவமைப்பவள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே பேச்சு.

என் மாணவி இப்போது பெங்களூரில் இருக்கிறாள். ஒரு சிப் நிறுவனத்தில் வெரிஃபிகேஷன் வேலை: வடிவமைத்தவர்கள் விட்ட பிழையைத் தேடிப் பிடிப்பது. “எங்கம்மா பனியன்ல பண்றத நான் சிப்ல பண்றேன் மேடம், அதே செக்கிங்தான்” என்பாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்திருக்கிறாள். அது தெரியாமல் அச்சுக்குப் போயிருந்தால் கோடிக்கணக்கில் நட்டம். அந்தக் காலாண்டு விருது அவளுடைய குழுத் தலைவருக்குப் போயிருக்கிறது.

“உன் பேரு எங்கயுமே வரலையா கண்ணு?”

“வந்துச்சுங்க மேடம். மெயில்ல சிசி-ல இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், கொஞ்சம் தாமதமாக. கான்வேயின் காகிதங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். நான்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். எந்தப் பிழையை எந்த நாளில் பார்த்தாய், யாரிடம் சொன்னாய், எல்லாவற்றையும் உன் கையால் ஒரு நோட்டில் எழுதி வை என்றேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பதிவாகிவிடுமே மேடம் என்றாள். அது கம்பெனியின் கம்ப்யூட்டர் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். கட்டை அட்டை போட்ட நீள நோட்டு, பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கு எழுத அவள் அம்மா வைத்திருப்பது போன்றது. முதல் பக்கத்தில் அந்தப் பிழை. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, நேரத்தோடு எழுதியிருந்தாள். மேலே பெயர் இல்லை.

“பேரு எழுதலையா?” என்று கேட்டு அனுப்பினேன்.

“இனிசியல் எது போடறதுன்னு யோசிச்சுட்டிருக்கேன் மேடம். தேதி மட்டும் போட்டுட்டேன்.”